பிரெட் வேன் இன்ஜினுக்கு ஒரு டர்போ

'மனித குலத்தின் வரலாறு, காற்றை அடக்கி ஆண்டவர்களின் வரலாறே' என்று எங்கள் கரடுமுரடுப் பாதை வாகனச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதினேன். மலர் மொத்தம் நாலு பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் என் டைல்ஸ் கடை விளம்பரம். மீதியில் என் போட்டோ போக மிஞ்சிய இடத்தில்தான் மனித குலம் வந்தது.

சங்கத்தில் பதினொரு பேர். எல்லோரும் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடவேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருந்தேன்.

என் ஜீப் என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதன் சொந்த இன்ஜின் உயிரை விட்டபோது, ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன், ஒரு பிரெட் கம்பெனி வேனின் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார். எழுதினால் ஒரு வரி. அவருக்கு அது எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள். வேன் இன்ஜினின் போல்ட் துளைகளும் ஜீப் கியர்பாக்ஸின் துளைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் சமாதானத்துக்கு ஒரு இரும்புத் தட்டைக் கடைந்து வைத்தார். நான் டார்ச் பிடித்தேன். 'நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது' என்று வெளியே சொல்லிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

அவரும் அதை மறுத்ததில்லை. யாராவது ஜீப்பைப் பார்த்து வாய் பிளந்தால், "மாப்ள இல்லேன்னா இது முடிஞ்சிருக்காது" என்பார். டார்ச் வெளிச்சத்தைத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோள் இரண்டு அங்குலம் உயரும்.

ஜீப் நன்றாகத்தான் ஓடியது. மேடு வந்தால் மட்டும், மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல் ஒவ்வொரு கல்லாக யோசித்து ஏறும். ஏறிவிடும். அந்த நேரம் பார்த்து எங்கள் செயலாளரான பல் டாக்டர், கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த புது ஜீப்பை வாங்கித் தொலைத்தார். பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் அவர் டர்போ விசிலடிக்க ஏறினார். பாதி மேட்டில் யோசித்துக்கொண்டிருந்த என்னைக் கடந்தபோது கையை வேறு ஆட்டினார்.

மறுநாளே மச்சானிடம் போய் நின்றேன்.

"டர்போவா? மாப்ள, இது பிரெட் தூக்குன இன்ஜின். மெதுவாப் போயி மெதுவா வந்து பழக்கம். இதுக்கு மூக்குல பம்ப் வச்சுக் காத்தடிச்சா, ஒண்ணு அதோட மூக்கு உடையும், இல்ல உன் மூக்கு."

"பல் டாக்டர் வண்டியில இருக்கே மச்சான்?"

"அது பொறக்கும்போதே அதோட பொறந்துச்சு. அவரு பல்லு வரிசையா இருக்குன்னு நீ உன் பல்லைப் பிடுங்கிட்டுப் பொய்ப்பல் கட்டிக்குவியா?"

பதில் இல்லாதபோது நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "முடியாதுன்னு யாரு சொன்னா? வேண்டாம்னுதான் சொன்னேன்."

ஆறு வாரம் வேலை செய்தார். வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் திணிக்கும், அவ்வளவுதான் டர்போ. ஆனால் அந்த அவ்வளவுதானுக்குத் தடித்த கேஸ்கெட் வேண்டும், எண்ணெய் வர ஒரு குழாய் வேண்டும், வந்த எண்ணெய் தானாக வழிந்து இறங்க சரிவாக இன்னொரு குழாய் வேண்டும். காற்றழுத்தத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்தார். "வேன் பாவம்" என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. திறந்த குழாய் எதையும் சும்மா விடமாட்டார். தூசி போகாமல் சிவப்புத் துணியை வாயில் அடைப்பார். துணியின் வால் ஒரு முழமாவது வெளியே தொங்கவேண்டும். எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் வால்களை எண்ணுவார். "வால் தெரியலைன்னா மறந்துருவோம் மாப்ள. நாம என்ன கம்ப்யூட்டரா?"

வெள்ளோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்று அறிவித்தேன். ஒலிபெருக்கி உண்டு என்றும் அறிவித்தேன். சனிக்கிழமை மதியம் ஜீப் என் வீட்டு ஷெட்டில் நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தால், டர்போ பளபளக்கிறது. பக்கத்தில் ஏர் ஃபில்டர் பெட்டி மட்டும் கன்னங்கரேல் என்று துக்க வீட்டு முகத்தோடு இருக்கிறது. ஆண்டு மலருக்கு இப்படி ஒரு படமா? பெட்டியைக் கழற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். கழற்றிய இடத்தில் டர்போவுக்குப் போகும் குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மச்சான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. துடைக்க எடுத்துவந்திருந்த என் பழைய பனியனைத் திணித்தேன். வால் தொங்கினால் போட்டோவில் அசிங்கமாக இருக்குமே என்று, முழுவதையும் அழகாக உள்ளே தள்ளினேன். படம் எடுத்துச் சங்கத்தின் குரூப்பில் போட்டேன். ஏழு பேர் கைதட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி முடிப்பதற்குள் பெயின்ட் காய்ந்துவிட்டது. பெட்டியை எடுத்து மாட்டினேன்.

காலையில் ஜீப் ஒழுங்காகவே கிளம்பியது. மெதுவாக ஓடும் இன்ஜினுக்குப் பனியனைச் சுற்றி வந்த காற்றே போதும்போலிருக்கிறது. குவாரி மேட்டின் அடிவாரத்தில் மச்சான் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் கொஞ்சம் அமுங்கிக் கேக்குதே. பெட்டியை யாராச்சும் கழட்டுனீங்களா? பெயின்ட் புதுசா இருக்கு."

"மேலாக்கத்தான் அடிச்சேன். யாரும் கழட்டல."

"ஒரு அஞ்சு நிமிஷம் குடு. திறந்து பாத்துடறேன்."

"மைக் ஆன் பண்ணியாச்சு மச்சான்."

அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருக்கலாம். அன்று என் பேச்சே இருபத்திரண்டு நிமிடம் ஓடியது.

பேசி முடித்து, சட்டைக் காலரில் குத்திய மைக்கோடு ஏறி உட்கார்ந்து மிதித்தேன். விசில் வந்தது. ஆஹா என்ன விசில்! பல் டாக்டரின் விசிலுக்கு அது அப்பன். பாதி மேடு வரை பிரெட் வேன் என்பதையே மறந்து ஏறியது. அங்கே விசில் அலறலாக மாறி, பாத்திரக் கடை சரிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. கரும்புகை என்னையும் மேட்டையும் ஒருசேர மூடியது. ஜீப் அவசரப்படாமல், பின்னோக்கிச் சறுக்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

"என்ன ஆச்சு கேப்டன்?" என்றார் பல் டாக்டர். குரலில் கவலை இருந்தது, முகத்தில் இல்லை.

பத்து பேர் என்னையே பார்த்தார்கள். வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "வேலை சரியில்ல டாக்டர். சொந்தக்காரர்னு நம்பிக் குடுத்தேன் பாருங்க, அது என் தப்பு."

காலர் மைக் அணைக்கப்படவில்லை. குவாரிச் சுவர் அதை வாங்கி இன்னொரு முறை சொன்னது.

மச்சான் கையைத் துடைத்தபடி வந்தார். சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். அதன் கிளிப்புகளில் பெயின்ட் உதிர்ந்து, கழற்றி மாட்டிய தடம் பளிச்சென்று தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அவர் திறந்து காட்டியிருந்தால் நான் அங்கேயே முடிந்திருப்பேன். தங்கச்சி புருஷனைப் பத்துப் பேர் முன்னால் முடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சரி மாப்ள. அப்படியே இருக்கட்டும்" என்றார். டூல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் போகும் ரோடுவரை நடந்தே போனார்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் சங்கத்தின் பாதுகாப்புக் குழு கூடி, உறுப்பினர்கள் வாகனங்களை 'தகுதி வாய்ந்த' வேறு ஒர்க்ஷாப்பில் காட்டும்படி பரிந்துரைத்தது. அதுவரை எல்லா ஜீப்பும் மச்சானிடம்தான் போய்க்கொண்டிருந்தன. சுற்றறிக்கையில் கையெழுத்து என்னுடையது.

அந்தத் தகுதி வாய்ந்த ஒர்க்ஷாப்பின் போர்மேன்தான் இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, உடைந்த சக்கரத்தின் இறக்கைத் துண்டுகளையும் பக்கத்தில் எண்ணெயில் ஊறிய நார் நாரான துணியையும் பரப்பி வைத்திருந்தார்.

"வெல்டிங், குழாய், கேஸ்கெட் எல்லாம் பிரமாதம் சார். யாரோ கை தேர்ந்த ஆளு. ஆனா இதை ஏன் உள்ள வச்சாருன்னுதான் புரியல." நாருக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணி லேபிளைக் கிள்ளி எடுத்துக் காட்டினார். "சைஸ் நூறு."

மச்சானுக்கு எண்பதே தொளதொளக்கும்.

"யார்கிட்டயும் சொல்லவேண்டாம்" என்றேன். போர்மேன் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க பழைய பனியன் ஒண்ணு மூணு வாரமாக் காணோம். எங்க போச்சு?"

"காத்துல போயிருக்கும்."

அவள் அடுத்த துணியை எடுத்தாள். மடித்துக்கொண்டே, "அண்ணன் போன் பண்ணுச்சு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எப்பவும் மாப்ள எங்கன்னுதான் ஆரம்பிக்கும்" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். செயல்படுத்த ஒரு மாதம் ஆனது. பேச வேண்டியதை மூன்று பத்தியாக எழுதி மனப்பாடம் செய்தேன். முதல் பத்தியை அடித்தேன். அதில் மனித குலம் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு அவர் ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

முன்பெல்லாம் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். அன்று உள்ளே ஒரே ஒரு ஸ்கூட்டர். சுவரில் ஸ்பேனர்கள் எல்லாம் அளவு வாரியாக, தூசி தட்டி, வரிசையாக மாட்டியிருந்தன. வேலை இருக்கும் ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர்கள் அப்படி இருக்காது. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சிவப்புத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க."

பதினாறு வருஷமாக அவர் என்னை வா என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"தங்கச்சி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா மச்சான்."

"என்ன வேலைங்க?"

இரண்டாவது பத்தி தொண்டைவரை வந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவே இல்லை.

"ஹாரன்... ஹாரன் சரியா அடிக்கல."

அவர் கத்தரிக்கோலை ஸ்டூலில் வைத்தார். பிறகு காரின் ஜன்னல் வழியே கையை விட்டு ஹாரனை அழுத்தினார். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து ஒரு ஒயரைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, இன்னொரு முறை அழுத்தினார்.

"இப்ப பரவாயில்லையா?"

"இப்ப பரவாயில்ல" என்றேன்.

ஹாரனில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை.