கடைசி மாத்திரைக்குப் பின் பதினோரு நாள்

தீனதயாளன் கடைசி மாத்திரையைப் போட்டு அந்த வியாழக்கிழமையோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. பருவுக்கு மாத்திரை தின்பதை ஆறு மாதம் ஊருக்குத் தெரியாமல் காத்தவன், அது முடிந்துபோனதைத் தண்டோரா போட்டா சொல்லப்போகிறான்? பதினாறு வயதில் கிளம்பிய பரு பதின்மூன்று வருசம் அவன் கன்னத்தில் குடித்தனம் நடத்திவிட்டு, இப்போதுதான் காலி செய்துகொண்டு போயிருந்தது. ஆனால் போகிறபோது தோலில் இருந்த பசையையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. முகம் கழுவினால் ஈரம் காய்வதற்குள் களிம்பு பூச வேண்டும். அதன் மேல் வெயிலுக்கு ஒரு கிரீம். உதட்டுக்கு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வாஸ்லின். ஆறு மாதத்துக்கு முகத்தில் பிளீச், வேக்சிங் என்று எதையும் நினைத்துக்கூடப் பார்க்காதே என்று தோல் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவன் மேஸ்திரி. நாளெல்லாம் வெயிலில் நிற்கிற ஆள் முகத்தில் வெள்ளையாய் எதையோ அப்பிக்கொண்டு வந்தால் பட்டறை சும்மா விடுமா? “மேஸ்திரி, பிரைமர் அடிச்சாச்சு, பெயிண்ட் எப்பங்க?” என்று கேட்டார்கள். அவனும் சிரித்து வைப்பான். வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்பான். மாத்திரை என்ற பேச்சே வாயில் வராது.

அது அம்மா செல்லாயி போட்ட உத்தரவு. “மருந்துல மூஞ்சி தேறுச்சுன்னு தெரிஞ்சா, பையனுக்கு ஒடம்புல என்னமோ இருக்குதும்பாங்க. கொழந்தை பொறக்காதுன்னுகூடச் சொல்லுவாங்க சாமி. நம்ம பக்கம் இப்பப் பொண்ணு கெடைக்கறதே குதிரைக்கொம்பா இருக்குது. வாயத் தொறக்காத.”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. நாலு வருசமாகப் பெண் தேடி, பதின்மூன்று இடத்தில் இருந்து ஜாதகம் போட்டோவோடு திரும்பி வந்தது. கடைசியில் குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் பூபதிக்கு இவனைப் பிடித்துப்போனது. அவருடைய இரண்டாவது மகள் பிரவீனாவும் தலையாட்டிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இவன் ஊரான வேலகவுண்டம்பட்டிக்கு வந்து வீடு பார்த்து, உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. உப்பும் சர்க்கரையும் கை மாறிவிட்டால் சொன்ன சொல் மாறாது. அதுவரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்வது அழகில்லை என்பது பெரியவர்கள் வைத்த கணக்கு. பிரவீனாவின் எண் தீனாவின் போனில் இருந்தது. ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் பூபதியிடமிருந்து போன் வந்தது.

“மாப்பிள்ள, தொந்தரவுக்கு மன்னிக்கோணும். பெரிய புள்ள சண்முகப்பிரியாளுக்கு ஒடம்புல ரத்தமே இல்லீங்களாம். நாலு மாசம் முழுகாம இருக்கறா. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரில சேத்தியிருக்கறமுங்க. ஓ நெகட்டிவ் எங்க தேடியும் கெடைக்கல. உங்களுது அதுதானுங்களே?”

அதுதான். ஒன்பது தடவை ரத்தம் கொடுத்தவன் அவன். அந்தப் பக்கத்து ரத்த தானக் குழுவில் அவன் பெயர் முதல் வரிசையில் இருக்கும். அதைவிட, தன்னால் இந்த வீட்டுக்கு ஒரு காரியம் ஆகிறதே என்ற சந்தோசம். ஏழரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி ரத்த வங்கிக் கட்டிலில் கையை நீட்டிப் படுத்துவிட்டான். பூபதி கையில் பழச்சாறு டப்பாவோடு தலைமாட்டில் நின்றார்.

நர்ஸ் படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். காய்ச்சல், மஞ்சள்காமாலை, பச்சை குத்தியது. எல்லாவற்றுக்கும் இல்லை.

“ஒரு மாசத்துக்குள்ள ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?”

தீனா பூபதியின் முகத்தைப் பார்த்தான். அவர் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூஞ்சிக்குத் தின்ற மாத்திரைக்கும் கையில் எடுக்கிற ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் மனசு அந்த ஒரு நொடியில் வக்கீல் வேலை பார்த்தது.

“இல்லீங்க” என்றான்.

சோதனை எல்லாம் முடித்து மதியத்துக்குள் ஏற்றிவிடுவோம் என்று நர்ஸ் சொன்னாள். பூபதி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க எங்களுக்குச் சாமி மாதிரிங்க, மாப்பிள்ள” என்றார். அந்த வார்த்தையை அசை போட்டுக்கொண்டே தீனா வீடு வந்து சேர்ந்தான். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, முட்டை தின்று, பால் குடித்துப் படுத்தவனுக்கு நல்ல தூக்கம்.

பதினொன்றரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எந்த அலமாரியைத் திறப்பார்களோ என்று செல்லாயி அவன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். காலி மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டவள், ஒன்றை மட்டும் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஏஞ்சாமி, இதுல மாசமா இருக்கற புள்ளையோட படத்தப் போட்டுக் குறுக்க கோடு கிழிச்சிருக்குதே, அது எதுக்கு?”

தீனா எழுந்து உட்கார்ந்தான். அந்தப் படத்தை ஆறு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறான். வயிறு தள்ளிய ஒரு பெண். மேலே சிவப்புக் கோடு. அது பெண்களுக்கு, நமக்கென்ன என்று மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டவன். எழுத்துப் படிக்கத் தெரியாத அம்மா படத்தைப் படித்துவிட்டாள்.

தோல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். கேட்டு முடிக்கும் முன்பே அவர் குரல் மாறிவிட்டது.

“கடைசி மாத்திரை போட்டு எத்தனை நாள்?”

“பதினோரு நாளுங்க.”

“ஒரு மாசத்துக்கு ரத்தமே கொடுக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லித்தானே கையெழுத்து வாங்கினேன்? அந்த மருந்து இன்னும் உங்க ரத்தத்துல இருக்கும். கர்ப்பிணிக்கு ஏறினா குழந்தைக்கு ஆபத்து. உடனே நிறுத்தச் சொல்லுங்க, தீனதயாளன்.”

சொல்லியிருப்பார்தான். அன்றைக்கு அவன் கண்ணெல்லாம், மருந்துக்கு முன் மருந்துக்குப் பின் என்று சுவரில் மாட்டியிருந்த முகங்களின் மேல் இருந்தது.

பூபதிக்கு அடித்தான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அடித்தான். எதையோ பாட விட்டார்கள். பாட்டு முடிந்ததும் இணைப்பும் முடிந்தது. செல்லாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“நாயித்துக்கெழம வாராங்களே, சாமி” என்றாள் மெதுவாக. பிறகு அவளே வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தாள். “போ. நிக்காத.”

முகத்தில் கிரீம் இல்லை, உதட்டில் வாஸ்லின் இல்லை, தலைக்கவசமும் இல்லை. உச்சிவெயிலில் திருச்செங்கோட்டுச் சாலையில் வண்டியை முறுக்கினான். புதுத்தோல் திகுதிகுவென்று எரிந்தது. பாதி வழியில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தி மறுபடியும் பூபதிக்கு அடித்தான். போன் இன்னும் அணைத்தே இருந்தது. பிரவீனாவின் எண் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இங்கேதான் அவன் செய்த அநியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தொடாமல் முழுசாய் மூன்று நிமிடம் நின்றான். உப்புச் சர்க்கரை மாற்றாத பெண்ணிடம், முதல்முதலாய்ப் பேசுகிற பேச்சில், நான் பருவுக்கு மாத்திரை தின்றவன் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டான். ஒரு பெண்ணின் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் உயிர் ஒரு பக்கம், இவனுடைய வெட்கம் ஒரு பக்கம். அந்த மூன்று நிமிடத்தை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ நாள் கூசிப்போனான். கடைசியில் அழுத்தினான்.

“ஏனுங்க?” என்றாள் பிரவீனா. குரலில் ஆச்சரியம்.

“அக்காவுக்கு ரத்தம் ஏத்தியாச்சா?”

“இப்பத்தானுங்க. நர்ஸ் பைய மாட்டி ஊசியில டியூப்ப சொருகிட்டு இருக்கறாங்க.”

“நிறுத்தச் சொல்லு. அது ஏறவே கூடாது.”

“ஏனுங்க, என்னாச்சு?”

பக்கத்தில் முட்டை ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“நான் பருவுக்கு ஆறு மாசம் மாத்திரை தின்னேன். நிறுத்திப் பதினோரு நாள்தான் ஆச்சு. அந்த ரத்தம் ஏறுனா உங்க அக்கா வயித்துக் கொழந்தைக்கு ஆகாது. நர்ஸ் கேட்டப்பப் பொய் சொல்லிட்டேன்.”

போன் எதிலோ இடித்துக் கீழே விழும் சத்தம் கேட்டது. தூரத்தில் அவள் குரல்: “நர்ஸக்கா, நிறுத்துங்க. கையெடுங்க.” நர்ஸ் அதட்டினாள். “டாக்டர் சொல்லித்தான ஏத்தறேன், நீ யாரும்மா?” ஏதோ உருண்டு விழுந்தது. “டாக்டரக் கூப்புடுங்க. அவரு வர்ற வரைக்கும் இந்தக் கைய நான் உடமாட்டேன்.” பிறகு ஒரே கூச்சல். அதன் நடுவில் இணைப்பு அறுந்தது.

ஏறிவிட்டதா, நின்றதா? மீதிப் பத்துக் கிலோமீட்டரும் அவனுக்கு அது தெரியாது. போன் எடுக்க ஆளில்லை. தீனா குலதெய்வத்தைக் கூப்பிட்டான். கூப்பிடும் தகுதி தனக்கு உண்டா என்று அப்போதே நினைத்துக்கொண்டான். குழந்தைக்குக் கெடுதல் வர ஒரு சொட்டு ஏறினாலே போதுமா, பத்துச் சொட்டு வேண்டுமா? அதைக்கூட டாக்டரம்மாவிடம் கேட்காமல் வந்துவிட்டான்.

இரண்டாம் மாடி அறை வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பூபதி, பிரவீனா, சண்முகப்பிரியாவின் கணவன் தமிழரசு, ஆஸ்பத்திரி டாக்டர். நர்ஸின் கையில் அந்தப் பை இருந்தது. நிறைந்தபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் தீனா சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“உள்ள ஒரு சொட்டும் போகலை” என்றார் டாக்டர். “இந்தப் பொண்ணு நர்ஸ் கையப் பிடிச்சு நிறுத்திடுச்சு. போயிருந்தா குழந்தைக்கு மூளையிலயோ இதயத்துலயோ குறை வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். உங்க அதிர்ஷ்டத்தை அந்தக் குழந்தை மேல சோதிச்சுப் பார்க்க முடியுமா? கேட்டப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?”

“வெக்கப்பட்டுங்க” என்றான் தீனா. அதைவிட நாகரிகமான காரணம் அவனிடம் இல்லை.

தமிழரசு அவன் சட்டையைப் பிடித்தான். பூபதி மருமகனின் கையை எடுத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் தீனாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆனால் ரத்தம் இன்னும் வேண்டும். சண்முகப்பிரியா கட்டிலில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். சாயங்காலத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தீனா மாடிப்படியில் உட்கார்ந்து ரத்த தானக் குழுவில் இருந்த ஒவ்வொரு எண்ணாக அழைத்தான். ஒருவன் பெங்களூரில் இருந்தான். ஒருவன் போன வாரம்தான் கொடுத்திருந்தான். ஒருவன் எடுக்கவே இல்லை. இருபத்துமூன்றாவது அழைப்பில் தங்கசாமி என்ற லாரி டிரைவர் கிடைத்தார். சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றக் காத்திருந்தவர், வரிசையை விட்டுவிட்டு வாரேன் என்றார்.

வந்து படுத்த தங்கசாமியிடம் நர்ஸ் அதே கேள்விகளைக் கேட்டாள். மாத்திரைக்கு வந்தபோது ஒரு தடவை நிமிர்ந்து, வாசலில் நின்ற தீனாவைப் பார்த்தாள்.

“நாலு நாளைக்கு முந்தி தலவலிக்கு ஒண்ணு போட்டனுங்க” என்றார் தங்கசாமி, கொஞ்சமும் யோசிக்காமல். “அதச் சொல்லலாமுங்களா?”

“சொல்லோணும்” என்றாள் நர்ஸ். “எல்லாத்தையும் சொல்லோணும்.”

சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த ரத்தம் ஏறத் தொடங்கியது. ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். பிரவீனா வெளியே வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

“உதடு வெடிச்சு ரத்தம் வருதுங்க” என்றாள். பிறகு, “நீங்க போனே பண்ணாம இருந்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றாள். அவள் அதைப் பாராட்டாகச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

பூபதி மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். அங்கே நின்றார்.

“மூஞ்சிக்கு மாத்திரை தின்னது ஒரு குத்தமுங்களா? பொண்ணு குடுக்கறவன் அதுக்கா வேண்டாம்பான்? நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன். என்ற கண்ணு முன்னாடி இல்லைன்னு சொன்னீங்க.” கையால் படியைக் காட்டினார். “பாத்துப் போங்க, தம்பி.”

தீனா வீடு சேர்ந்தபோது செல்லாயி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“கொழந்தைக்கு ஒண்ணும் இல்லீம்மா. ரத்தம் ஏறல. வேற ஆளு குடுத்தாச்சு.”

அவள் கும்பிட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள். “நாயித்துக்கெழம வாராங்களா?”

“காத்தால மாப்பிள்ளைன்னாரு. வாரப்பத் தம்பின்னுட்டாரு.”

செல்லாயிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் வெந்து சிவந்து, மூக்கோரம் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. களிம்பை எடுத்து வந்து அவளே பூசினாள்.

“வாயத் தொறக்காதன்னு சொன்னவ நாந்தான” என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. “ஒனக்குப் பொண்ணு வேணுமுன்னு, இன்னொருத்தி வயித்துப் புள்ளைய நெனைக்காமப் போயிட்டேன்.”

“இல்லைன்னு சொன்னது நான் தானம்மா. அந்தக் காலி அட்டையெல்லாம் எங்க?”

“குப்பைல போட்டுட்டேன் சாமி.”

“ஒண்ணே ஒண்ண எடுத்து வெய்யி” என்றான். “இனி எந்தப் பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தாலும், மொதல்ல அதக் காட்டீட்டுத்தான் காப்பி குடுக்கோணும்.”