மீன் கழுவிய தண்ணீர்

பூச்சி தின்னும் செடியான டிரோசீராவின் விதை, பவுடர் டப்பாவைத் தட்டினால் பறக்கும் தூசி அளவுதான். அதை முளைக்கவைத்து, மூன்று மாதம் வளர்த்து, முப்பது நாற்றுகளை உயிரோடு காட்டினால் எனக்குத் தாவரவியலில் பட்டம். காட்டாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி. அந்த ஒரு வருஷமும் அப்பாவின் மீன்பிடி போட்டில். ஆள் ஒன்று குறைகிறது என்று அவர் பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே வாந்தி வரும்.

மாடியில் தட்டு வைத்தேன். முளைத்தது ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு. அந்த வயதிலேயே உடம்பெல்லாம் பசை மயிர், பூச்சி எப்போது வரும் என்று காத்திருந்தன. குழாய்த் தண்ணீரின் உப்பு இவற்றுக்கு ஆகாது. எனவே எர்ணாவூரில் ஒரு ஏடிஎம்மின் பின்னால் ஏசி சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்துவந்தேன்.

"இன்னா மாமு, உள்ள பணம் இல்லன்னு தண்ணி எட்த்துனு போறியா?" என்பார் செக்யூரிட்டி பொன்னுரங்கம்.

நடுவில் கல்லூரியில் மூன்று நாள் களப்பயணம் வந்தது. அம்மாவிடம் கேனைக் காட்டி, காலையில் ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னேன். அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். தட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா, ரெண்டு மாசமா இத்தினூண்டாவே கீது?"

"இதுங்க மொளைக்கிற மண்ணுல சத்தே கெடையாதும்மா. அதான் பூச்சி புட்ச்சித் துன்னுது."

"ஐய, பாவம்."

அந்தப் பாவத்தை நான் கவனித்திருக்க வேண்டும். சத்து சேர்ந்தால் வேர் வெந்து செத்துவிடும் என்கிற மீதிப் பாடத்தை, பஸ்ஸுக்கு நேரமானதால், நான் நடத்தவில்லை.

திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே கவிச்சி அடித்தது. தட்டில் சங்கரா மீனின் செதில்கள் மின்னின. நாற்றுகள் கறுத்துக் கூழாகிக் கிடக்க, அவற்றின்மேல் ஈக்கள் உட்கார்ந்து நிதானமாகக் கால் தேய்த்துக்கொண்டிருந்தன.

"மீனு கழுவுன தண்ணிடா வெற்றி. முருங்கைக்கு ஊத்துனா எப்டி வர்து பாரு! கவுச்சி துன்ற செடி, பட்னியா கெடக்குதேன்னு மூணு வேளையும் ஊத்துனேன்."

என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த மீன் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கேன் காலியாகும்வரை அலசினேன். பதினொன்று தேறியது. கல்லூரியில் என் ப்ராஜெக்டைப் பார்த்துக்கொள்ளும் கரோலின் மேடத்துக்கு போன் செய்தேன்.

"முப்பதுக்குக் கொறஞ்சா துறையில ஏத்துக்க மாட்டாங்க வெற்றி. அடுத்த வருஷம் மறுபடி விதைச்சிடு," என்றார்.

மறுநாள் மதியம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

"செடி இன்னாச்சி?"

"வெயில்ல வச்சிட்டேன் நைனா. காஞ்சிட்ச்சி."

"அப்ப செவ்வாக்கெயம போட்டு கெளம்புது. ரெண்டு லுங்கி எட்த்து வச்சிக்க."

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் காய வைக்கல. நான்தான் சாவட்ச்சேன். என்னிய ஏத்திகினு போ."

அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எத்தினி வோணும்?"

"முப்பது."

"எத்தினி கீது?"

"பதினொண்ணு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "செவ்வாக்கெயம," என்றார் மறுபடி, குரலைத் தாழ்த்தி, யாரையும் பார்க்காமல். அம்மா குழம்பு ஊற்ற வரவில்லை.

நான் மாடிக்குப் போய் இன்னொருமுறை எண்ணினேன். பத்து.