ஆண் நண்டின் முட்டை

பெட்டியில் கிடந்த கணவரின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த செபஸ்தியம்மா, வாசலில் செருப்பைக் கழற்றியவனைக் கண்டு நிமிர்ந்தாள். ஜசிந்தன். கையில் மலர்வளையம், முகத்தில் அளந்து பூசிய துக்கம். வரட்டும். இந்தக் கல்லடி ஊர்வரை தானாகவே வந்து நிற்கிறான்.

வெல்லாவெளி வயற்கிராமத்துப் பெடியனான இவனை அமெரிக்காவுக்கு எடுத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்து, பெரு தேசத்துப் பழம்பானைகளில் அசல் எது, போலி எது என்று பார்க்கப் பழக்கியவர் அவள் கணவர் அருமைநாயகம். அங்கே ஒரு பெரிய மியூசியத்தில் பழைய அமெரிக்கக் கலைப்பகுதி முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. சாப்பிட்ட கை காயுமுன்னரே இவன் மேலிடத்துக்குப் போய், கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, போலிக்கெல்லாம் தலையாட்டுகிறார் என்று போட்டுக்கொடுத்தான். அவரை வீட்டுக்கு அனுப்பி, காட்சிக்கூடச் சுவரிலிருந்த அவர் பெயரையும் கழற்றினார்கள். அவருடைய கதிரையில் இவன் ஏறி உட்கார, அவரும் அவளும் ஊருக்கே திரும்பிவந்தார்கள். அவர் மன்னித்துவிட்டார். செபஸ்தியம்மாவுக்கு அந்த உத்தேசமே இல்லை.

போன கிழமை அவருடைய போனுக்கு இவன் சில படங்கள் அனுப்பியிருந்தான். நண்டு உருவத்தில் ஒரு பெரு தேசத்துச் சிவப்பு மண்சாடி. மியூசியம் வாங்கப்போகிறதாம், சேர் ஒருக்காப் பார்த்துச் சொல்லவேண்டுமாம். சாடியின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அருமைநாயகம், இருமல் வரும்வரை சிரித்தார்.

"செபஸ்தி, இங்க பாரு. ஆண் நண்டுக்கு முட்ட வச்சிரிக்கான்!"

அவளும் பார்த்தாள். வயிற்று மடிப்பு கூராக, ஒடுங்கி இருந்தது. ஆண். அதன் கீழே முட்டைகள் அப்பிக் கிடந்தன. வாவிக்கரைப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். நண்டு தின்று வளர்ந்த அந்தக் காலத்துக் குயவன் இப்படிச் செய்யவே மாட்டான். வயலில் வளர்ந்த ஜசிந்தனுக்கு அது எங்கே தெரியப்போகிறது!

"போலி எண்டு அவனுக்குச் சொல்லிப்போடு. வாங்கினானெண்டா மானம் போயிரும்."

பின்னேரமும் கேட்டார். "சொல்லிட்டியா?"

"ஓம்" என்றாள், குரல் கொஞ்சமும் நடுங்காமல். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பிறகு திறக்கவில்லை.

ஜசிந்தன் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தான்.

"அன்ரி, இந்த நேரத்தில கேக்கக்கூடாதுதான். சேர் அந்தப் படங்களப் பாத்தவரா?"

"பாத்தவர்."

"என்ன சொன்னவர்?"

"அசல் எண்டவர். இப்பிடி ஒண்ட வாழ்நாளில கண்டதில்லயாம். விடாம வாங்கச் சொன்னவர்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. வாங்கட்டும். ஊருலகம் கைகொட்டிச் சிரிக்கட்டும். இவனையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளட்டும்.

ஜசிந்தன் அழுதான். இந்த முறை உண்மையாகவே அழுதான். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் அவருக்குச் செஞ்சது பெரிய பாவம் அன்ரி. இனி மறைக்கமாட்டன். சாடிக்குக் கீழ சேர்ர பேரத்தான் போடுவன். அசலெண்டு கண்டுபிடிச்சது அருமைநாயகம் எண்டு. அவர்ர பேர் திரும்ப அந்தச் சுவருல இரிக்கோணும்."

அவள் கையை உருவிக்கொண்டாள். அவன் கண்ணைத் துடைத்தபடி முற்றத்துக்குப் போய், அமெரிக்காவில் யாரையோ எழுப்பிப் பேசினான். செபம் சொல்பவர்களின் சத்தத்துக்கு மேலாக, தன் கணவரின் பெயரை அவன் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொல்வது அவளுக்குக் கேட்டது.

போலிக்குத் தலையாட்டுகிறார் என்று அன்று அவன் சொன்ன பொய், இனி மெய்யாகிவிடும். சுவரிலேயே எழுதி வைப்பார்கள். இப்போதே இவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னால் போதும், அவர் தப்பிவிடுவார். இவனும் தப்பிவிடுவான்.

தம்பி மகன் டினேஷ் பெட்டியின் மூடியோடு வந்து நின்றான்.

"மாமி, பாதர் கோயில்ல காத்துக்கிட்டு இரிக்கார். மூடட்டா?"

அவள் கணவரின் கோட்டுக் கழுத்தை இழுத்து நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துவிட்டாள்.

"மூடு மகன்" என்றாள்.

டினேஷ் முதல் திருகாணியை முறுக்கினான். போனின் மறுபக்கத்தில் இருந்தவருக்கு விளங்கவில்லை போலும், முற்றத்தில் ஜசிந்தன் அந்தப் பெயரை முதல் எழுத்திலிருந்து திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.