மூடுபனியில் ஒரு மீன் உருண்டை

கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஸ்கார்வ்நெஸ் கால்பந்து மைதானத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் வாங்காமல் வந்த ஒரே ஆள் அதுதான். ஆட்டக்காரர்கள் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள் மாதிரி தோன்றி, கரைந்து, வேறெங்கோ முளைத்தார்கள்.

நடுவர் ஸ்டைனாருக்கு இது பழகிய நிலை. வீடியோ நடுவர் வந்ததிலிருந்து அவருக்கு வெயிலிலும் மூட்டம்தான். விசில் வாய்வரை போகும். ஆஸ்லோவிலிருந்து காதுக்குள் குரல் வரும்வரை அங்கேயே நிற்கும். வீட்டில் மனைவி தோர்டிஸ், "சூப்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால்கூடக் காதைத் தொட்டுக்கொள்கிறார். "என்ன, ஆஸ்லோவைக் கேட்டுத்தான் சொல்லுவீங்களா?" என்று அவள் சிரித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கண்ணைத் தான் இனி நம்பவே முடியாதோ என்ற பயம்.

ஆஸ்லோவில், ஜன்னலில்லாத அறையில், திரைகளுக்கு முன்னால் பிரேபன் இருந்தார். வீடியோ நடுவர். 'உண்மையின் கட்டமைப்பு' பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறவர். சட்டைக் கையை மடிப்பதானாலும் ஒரு தத்துவம் சொல்லிவிட்டுத்தான் மடிப்பார்.

இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை அவர் பதிவைத் திரும்பப் பார்ப்பதற்காக ஆட்டம் நின்றது. உள்ளூர் ரசிகர்கள் வழக்கம்போல எதிர்ப்பைக் காட்டினார்கள்: டப்பா டப்பாவாக வெள்ளை மீன் உருண்டைகளை உள்ளே வீசினார்கள். "மெஷினைத் தூக்கிப் போடு! மனுசன் தப்பு பண்ணிட்டுப் போறான்!" பணியாளர்கள் பனிக்குள் தடவித் தடவி அள்ளினார்கள். அள்ளியது பாதி.

கடைசி நிமிடம். ஒரு கோல் விழுந்தால் ஸ்கார்வ்நெஸ் மேல்பிரிவில் தங்கும், இல்லாவிட்டால் கீழே. உள்ளூர்க்காரன் ஒருவன் உதைத்தான். எதிரணி கோல்கீப்பர் ஹல்வார் கோட்டின்மேல் விழுந்து பந்தை வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டதைப் பக்கத்திலிருந்து ஸ்டைனார் பார்த்தார். கோல் இல்லை. விசில் வாய்வரை போயிற்று. நின்றது.

"பொறு," என்றது காது. பிறகு, "கோல்! கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையா, உருண்டையா தெரியுது. திரையில நீயே பாரு."

மைதான ஓரத்துத் திரையில் ஒரே பால்வெள்ளை. அதற்குள் ஒரு வட்டம், நிலா மாதிரி மிதந்தது. பெரிதா சிறிதா, அருகிலா தொலைவிலா என்று அதற்கே தெரியாது.

"பந்து ஹல்வார் வயித்துக்கடியில இருக்கே, பிரேபன்?"

"கண்ணு உணர்ச்சிவசப்படும் ஸ்டைனார். கேமரா படாது."

சேதி எப்படியோ பரவிவிட்டது. "மெஷின் சொன்னா சரி! மெஷினை நம்பு!" என்று கூட்டம் பாடியது. மிச்ச டப்பாக்களைக் காலால் இருக்கைக்கடியில் தள்ளிக்கொண்டே பாடியது.

ஸ்டைனார் கோல் கம்பத்தை நோக்கி நடந்தார். ஹல்வார் இன்னும் கவிழ்ந்தே கிடந்தான். "எழுந்திருக்கலாமா? இன்னும் கொஞ்சம் அடைகாத்தா பந்து குஞ்சு பொரிச்சிரும்," என்றான்.

வலைக்குள் குனிந்து, புல்லிலிருந்து அந்த வெள்ளை உருண்டையை ஸ்டைனார் எடுத்தார். சில்லென்றிருந்தது. கேமராவுக்கு நேராகக் காட்டினார்.

"அது... அது ஆதாரம்! கீழ வை!" என்று காது அலறியது.

வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

"உப்பு கம்மி," என்றார், யாரையும் கேட்காமல்.

கோல் இல்லை என்று கையை வீசி, விசிலை ஊதினார். பனிக்குள்ளிருந்து, கூட்டம் வீசிய மிச்ச மீன் உருண்டைகள் மெல்ல மெல்ல மிதந்து இறங்கின. ஒவ்வொன்றும் எங்கே விழும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.