நான்கு வாய், ஒரு நோ

சிவப்பு ஆப்பிள் ஒன்றின் காம்பருகே நகக்கண் அளவுக்குக் கறுப்பு. யாத்விகா அதை ஓடும் பட்டையிலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்க்காமலே பின்னாலிருந்த சாறுப் பெட்டியில் போட்டாள். பட்டையில் போவது கடைக்கு, பெட்டியில் விழுவது சாறு பிழிய. வடக்கு இத்தாலியின் அந்த மலைப் பள்ளத்தாக்குக்கு வருஷா வருஷம் பழம் பிரிக்க வருகிறவளுக்குக் கை தானாகவே போய்விடும். மனசுதான் போகாது. அது காலையிலிருந்து போலந்தில், ஒரு கல்லறையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

புருஷன் விட்டோல்டு போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வருகிற சனிக்கிழமை கல்லறைத் திருநாள். அன்று அவள் ஊரில் ஒரு கல்லும் இருட்டில் கிடக்காது. கழுவித் துடைத்து, செவ்வந்தி வைத்து, கண்ணாடிக் கூண்டு விளக்கு ஏற்றுவார்கள். ஒன்று மட்டும் இருண்டு கிடந்தால் ஊரே நின்று பேர் வாசித்துவிட்டுப் போகும். பிள்ளை இல்லாத வீடு. அவளை விட்டால் ஏற்ற ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளன் எத்தோரே வந்து நின்றான். நல்ல பையன்தான், முதலாளி குரலில் பேசும்போது தவிர.

"திருநாளுக்கு இந்தத் தடவை யாருக்கும் லீவு கிடையாது. மரத்துல இன்னும் பழம் நிக்குது, உறைபனி முத்தறதுக்குள்ள ஏத்தியாகணும். போறவங்க பெட்டி படுக்கையோட போயிடுங்க, திரும்பி வர வேணாம். என்ன யாத்விகாம்மா, இருப்பீங்கல்ல?"

"நோ," என்றாள் யாத்விகா.

இந்தத் துளியூண்டு சொல் அந்தப் பழக் கொட்டகையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. எத்தோரேயின் இத்தாலிய வாயில் நோ என்றால் இல்லை, படாரென்று சாத்திய கதவு. யாத்விகாவின் போலிஷில் அதுவே 'ஆமாமா'. எதிரே நிற்கும் செக் நாட்டு லிபுஷேவுக்கு ரெண்டுமில்லை, 'ம்... அப்புறம்?' என்று இழுப்பது. போதாததற்கு ஸ்தமாத்தியா தன் கிரேக்கத்தில் ஆமாவுக்கு 'நே' என்பாள், லிபுஷேவுக்கோ 'நே' என்றால் வேண்டாம். முதல் வருஷம் "சூப் வேணுமா?" என்று கேட்டவர்களிடம் யாத்விகா ஆசையாக "நோ, நோ" என்று சொல்லிச் சொல்லியே பட்டினி கிடந்தாள். அப்புறம்தான் பெண்கள் கூடி ஒரு வழக்கம் வைத்தார்கள். வாய் என்ன சொன்னாலும் கணக்கில்லை, கையைப் பார். ஆமா என்றால் பழம் பட்டையில், இல்லை என்றால் பெட்டியில். எத்தோரே மீசை வளர்த்து "நல்லாருக்கா?" என்று கேட்டபோது மூன்று பழம் ஒன்றாகப் பெட்டியில் விழுந்தது. மறுநாள் மீசை இல்லை.

இப்போதும் அவன் சிரித்தான். "எந்த ஊரு நோம்மா இது?"

யாத்விகா பட்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். ஒரு புள்ளி இல்லாத பழம். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் துடைத்து, அவன் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டாள்.

சிரிப்பு வடிந்துவிட்டது. அவன் குனிந்து அதை எடுத்துத் திரும்பப் பட்டையில் வைத்தான். "யோசிச்சுச் செய்யுங்கம்மா. அடுத்த வருஷமும் வேலை வேணும்ல?"

"தம்பி, சனிக்கிழமை நீ உங்கப்பா கல்லறைக்குப் போவியா, மாட்டியா?"

"அது... கோயிலுக்குப் பின்னாடி, இந்தா இருக்கு."

"என் புருஷன் தூரத்துல படுத்திருக்கான். அது அவன் தப்பா?"

இன்னொரு நல்ல பழம் விழுந்தது. அடுத்த வருஷத்து வாடகை, கரி, மருந்து எல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தன. வரட்டும் என்று விட்டாள்.

"அவ போனா நானும் போறேன்டா எத்தோரே," என்றாள் லிபுஷே. "எனக்கு அங்க இருக்கறது மாமியார் ஒருத்திதான். அவ எந்திரிச்சு வந்துடாம இருக்கவாச்சும் ஒரு விளக்கு வைக்கணும்." அவள் கையிலிருந்ததும் பெட்டிக்குப் போனது.

ஸ்தமாத்தியா இடுப்பில் கை வைத்தாள். "எங்களுக்கு அது வேற நாளு. எனக்கு இதுல ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டு, இரு கைகளாலும் அள்ளி இரண்டு பழங்களைப் பெட்டியில் போட்டாள்.

"பைத்தியமா உங்களுக்கு? முதல்தரப் பழம்! எல்லாம் சாறாப் போகுது!"

"போகட்டும்," என்றாள் யாத்விகா. "ஒரு வருஷமாவது சாறு குடிக்கிறவன் நல்லாக் குடிக்கட்டும்."

எத்தோரே விசையை அழுத்திப் பட்டையை நிறுத்தினான். பருவம் முழுக்க ஓயாமல் இரைந்துகொண்டிருந்த கொட்டகை சட்டென்று ஊமையானது. கூரையிலிருந்து சொட்டும் நீர்கூடக் காதில் விழுந்தது.

"நோ?" என்றாள் லிபுஷே மெல்ல, தன் பாஷையில்.

யாத்விகா ஈரக் கையுறைகளைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பெரிய கதவை இரு கையாலும் தள்ளித் திறந்தாள். எத்தோரேயின் விரல் விசையின் மேலேயே இருந்தது, அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதன் மேல் அவள் கால் வைத்த இடமெல்லாம் கறுப்பாகப் பதிந்து, வாசலிலிருந்து சாலை வரைக்கும் நேராகப் போயிற்று.