பால் ஊற்றும் கை

டம்ளரை முத்துமாரியின் கையில் திணித்துவிட்டு, பட்டம்மாள் அத்தை இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஊத்துடி. மூணு நாளா இழுத்துனு கிடக்கிறான் எந்தம்பி. உன் கைக்குத்தான் காத்துனு இருக்கான்.”

கட்டிலில் அப்பா கிடந்தார். முப்பத்தைந்து வருடம் தோல் பதனிடும் ஷெட்டில் நின்ற மனிதர். இப்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஆறு வரை எண்ணலாம். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இன்றோடு நான்கு நாள்.

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முத்துமாரியின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரை அவள் இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இது பதினான்காவது.

முதலில் தாத்தா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு டம்ளரைக் கொடுத்தார்கள். அவள் ஊற்றினாள், தாத்தா போய்விட்டார். “கொழந்தை கையால வாங்கினு நிம்மதியா போய்ட்டாரு” என்றார்கள். ஆறு மாதம் கழித்து எதிர்வீட்டுக் கிழவர் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, “சுப்பராயன் பொண்ணைக் கூப்பிடுங்க” என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு ஒடுகத்தூர் பள்ளிக்கூடத்துக்கே ஆள் வரும். ஸார் வகுப்பு நடுவில் அனுப்பிவைப்பார். திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் டிபன் பாக்ஸை மடியில் மூடி வைத்துக்கொள்வார்கள். யாரும் திட்டியதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? பதிமூன்று பேரும் போயிருக்கிறார்களே. அம்மா மட்டும் மாரடைப்பில், பால் ஊற்ற நேரம் வைக்காமல் போனாள். அதற்காக முத்துமாரி சாமிக்கு நன்றி சொன்னாள்.

கல்யாணத்துக்கு ஆம்பூர் மாப்பிள்ளை வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினாள். அங்கே யாருக்கும் இந்தக் கையைத் தெரியாது. ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பேஸ்டிங் வேலை. பூவிழி பிறந்ததும் ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன் வாங்கினாள். ஐந்து வருடமாகக் குழந்தைக்குச் சோறு அந்த ஸ்பூனில்தான். கையில் சொல்யூஷன் பசை ஒட்டியிருப்பதால் என்று அவள் புருஷன் இளம்பரிதி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இன்று காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் லைனுக்கே வந்து, ஊரிலிருந்து போன் என்றார். தம்பி அன்பரசன்தான். “அக்கா, அத்தை உன்னை வரச் சொல்றாங்க. உனக்கே தெரியும்ல எதுக்குன்னு.”

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பக்கத்து சீட் குர்ஷித் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கம்பெனியில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

“இன்னாடி, வாப்பாவுக்கா?”

“நான் போவலை குர்ஷித். நான் போனா அவரு போய்டுவாரு.”

“போடி பைத்தியம். பத்து வருசமா தினம் நானூறு ஜோடி ஒட்ற. அதைப் போட்டவன்லாம் மவுத்தா பூட்டானா? அப்படின்னா கம்பெனியை எப்பவோ மூடியிருப்பாங்க.”

முத்துமாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். கேட் பாஸ் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

மாதனூரில் பஸ் மாறினாள். வழியெல்லாம் விரல் நுனியில் காய்ந்திருந்த சொல்யூஷனை உரித்துக்கொண்டே வந்தாள். மெல்லிய தோல் மாதிரி வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அதில் அவளுடைய ரேகை அப்படியே இருக்கும். பஸ் போகாமல் வழியிலேயே நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அது நிற்கவில்லை.

“இன்னாடி யோசனை? அவன் கஷ்டம் தீரட்டும்” என்றாள் அத்தை.

முத்துமாரி குனிந்தாள். மன்னிச்சிடுப்பா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிப் பாலைச் சாய்த்தாள்.

தொண்டையில் ஒரு சத்தம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். கண்ணைத் திறக்க அவளால் முடியவில்லை.

“முழுங்கிட்டாரு!” என்றான் அன்பரசன்.

அப்பாவின் தொண்டை மேலே போய்க் கீழே இறங்கியது. கண் பாதி திறந்தது. உதடு அசைந்தது. அன்பரசன் காதை அருகில் கொண்டுபோனான்.

“இன்னாடா சொல்றான்?”

“சக்கரை போடலியான்னு கேக்கறாரு அத்தை.”

யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். ஆறு. ஐந்து. ஆறு. இதோ இப்போது, இதோ இந்த மூச்சோடு என்று காத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. கூட்டம் டீ குடிக்க எழுந்தது.

“ஆம்பூர் போயி கையி பவர் கொறஞ்சிப் போச்சு போல” என்று வாசலில் எதிர்வீட்டு ரங்கம்மாள் சொல்வது கேட்டது. மூன்று மணிக்கும் மூச்சு இருந்தது. நான்கு மணிக்கும் இருந்தது.

நாலரைக்கு அவள் எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது. மற்றவர்கள் வாசலுக்குப் போயிருக்க, அறையில் அத்தை மட்டும் இருந்தாள். மீதிப் பாலில் விரலை நனைத்து அப்பாவின் உதட்டில் தடவினாள். பிறகு டம்ளரைச் சாய்த்து ஒரு மடக்கு விட்டாள். “குடிடா தம்பி.”

பால் வாயோரமாக வழிந்தது. மார்பு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

முத்துமாரி ஆறு எண்ணினாள். பத்து எண்ணினாள். இருபது.

அத்தை டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் ஜன்னலில் முத்துமாரியைக் கண்டாள்.

கத்துவாள் என்று முத்துமாரி நினைத்தாள். அத்தை கத்தவில்லை. பின்கதவு வழியாக ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தையின் கை ஐஸ் மாதிரி இருந்தது.

“நான் ஊத்தலடி. உதடு காஞ்சி கெடந்துச்சி. நனைச்சேன், அவ்ளோதான்.”

“அப்பா போய்ட்டாரா அத்தை?”

“நீதான மொதல்ல ஊத்தின? நீயே ஊத்தினதா இருக்கட்டும்டி. உனக்கு இன்னா, பழகிப்போச்சு. எனக்கு மூணு பேரப்பசங்க கீறாங்க. தெரிஞ்சா மருமவ எங் கையால ஒரு வாய் சோறு குடுக்க வுடமாட்டா.”

முத்துமாரி அந்த முகத்தைப் பார்த்தாள். இந்தப் பயத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு வருடமாகத் தனக்குள்ளேயே பார்த்து வந்தது. இன்னொருவர் முகத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தாத்தாவின் தாடை நினைவுக்கு வந்தது. டம்ளரைத் தன் கையில் கொடுத்தபோதே அந்தத் தாடையில் பால் வழிந்திருந்தது. பாவாடையால் அவள்தான் துடைத்துவிட்டாள். அன்றைக்கும் அத்தை சுவரோரமாக, ஆறு மாத வயிற்றோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“தாத்தாவுக்கும் நீதானா அத்தை?”

அத்தை அவள் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். “ஐயோ, எந்தம்பி போய்ட்டானே” என்ற குரல் தெருவரைக்கும் போனது.

கூட்டம் திரும்பி வந்தது. அன்பரசன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ரங்கம்மாள் அப்பாவின் கண்ணை மூடிவிட்டு, “கடைசியா யாரும்மா ஊத்தினது?” என்று கேட்டாள்.

எல்லோரும் முத்துமாரியைப் பார்த்தார்கள். அழுகைக்கு நடுவில் அத்தையும் பார்த்தாள்.

“நான் ஊத்தினப்ப அப்பா முழுங்கினாரு” என்றாள் முத்துமாரி.

“அதான். நேரமானாலும் ராசி ராசிதான்” என்று ரங்கம்மாள் பெருமூச்சு விட்டாள். மேளத்துக்குச் சொல்ல யாரோ கிளம்பினார்கள்.

மறுநாள் மதியம் எடுத்தார்கள். காலையிலேயே இளம்பரிதி குழந்தையோடு வந்திருந்தான். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்து முடிக்க மணி மூன்றாகிவிட்டது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ரங்கம்மாள் வீட்டிலிருந்து குண்டானில் சோறும் சாம்பாரும் வந்தன. தாழ்வாரத்தில் வரிசையாகத் தட்டு வைத்தார்கள்.

“அம்மா, பசிக்குது” என்றாள் பூவிழி.

முத்துமாரி பையைத் துழாவினாள். துண்டு, பாவாடை, பிஸ்கட் பாக்கெட். “ஸ்பூன் எங்க வச்சீங்க?”

“அவசரத்துல மறந்துட்டேன் மாரி” என்றான் இளம்பரிதி. “கையாலயே ஊட்டேன். இன்னிக்கு இன்னா கம்பெனியா போன?”

எதிரே அத்தை உட்கார்ந்திருந்தாள். தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அவளுடைய பேரன் மடியில் ஏற வந்தான். அவனை மெல்ல விலக்கி, “அம்மாகிட்ட போடா” என்றாள். சொல்லிவிட்டு முத்துமாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரல் நுனியில் கொஞ்சம் சொல்யூஷன் மிச்சமிருந்தது. முத்துமாரி அதை உரித்துத் தரையில் போட்டாள். கையை இரண்டு தடவை கழுவினாள். சோற்றைப் பிசைந்து, சிறிதாக ஒரு கவளம் உருட்டித் தூக்கினாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. கவளத்திலிருந்து இரண்டு பருக்கை கீழே விழுந்தன.

பூவிழி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.