காது ஆரோக்கியதாஸுடையது

அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? நகரியத்து அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியதாஸுக்கு வயிறு எரிந்தது.

பத்தொன்பது வருஷமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட்டைத் தாங்குகிற ரோலர்களில் எதன் பேரிங் போகப்போகிறது என்று, இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தே சொல்லிவிடுவார். சென்னைக் கல்லூரி ஒன்றின் ரோபோ ஆய்வகத்திலிருந்து வந்த ஹரிணி, மூன்று மாதம் மைக்கோடு அவர் பின்னாலேயே அலைந்து அத்தனையையும் பதிவு செய்துகொண்டாள். "கட்டுரையில உங்க பேரு வரும்ண்ணா" என்றும் சொன்னாள். வீட்டில் மனைவி செசிலியாவிடம் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

இன்று மேடையில் ஹரிணி உலகத்தையே சுற்றிக் காட்டினாள். சுவிட்சர்லாந்தில் நாலு காலால் மலையேறும் ரோபோ, ஜப்பானில் மனிதனைப் போல நடப்பது, அமெரிக்காவில் முட்டையை உடையாமல் எடுக்கும் கை. ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானியின் பெயர்.

"எங்க ஆய்வகத்தோட சிறப்பு, காது!"

திரையில் கம்பி பிடித்த கை வந்தது. முகத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே, 'உள்ளூர் ஒலிப்பதிவு.'

ஆரோக்கியதாஸ் எழுந்தார். "அது என் கைங்க மேடம். பேரு எங்க?"

"கட்டுரைய அனுப்பியாச்சுண்ணா. அப்புறம் பேசலாம்."

அவர்களுடைய ரோபோ, மேடையோரத்தில் ஓடிய சின்ன மாதிரி பெல்ட்டின் சத்தத்தைக் கேட்டபடி அதைச் சுற்றி வந்தது. பன்னிரண்டு ரோலருக்கும் பச்சை விளக்கு. கைதட்டல்.

"நாலாவது போச்சுங்க" என்றார் அவர், இருந்த இடத்திலிருந்தே.

கழற்றிப் பார்த்தார்கள். பேரிங் தேய்ந்து கிடந்தது. ஹரிணி மைக்கோடு ஓடி வந்தாள். "எப்படிண்ணா? இதையும் பதிவு பண்ணிக்கிறேன்."

அவர் மைக்கைக் கையால் தள்ளினார்.

"இன்னொண்ணும் போயிருக்கு. எதுன்னு உங்க ரோபோவே சொல்லட்டும்."

நாலாவது இடத்தில் வேறு ரோலர் மாட்டி ஓட்டினார்கள். ரோபோ மூன்று தரம் சுற்றியது. எல்லாம் பச்சை. இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசை அதிகாரிகள் திரும்பி அவரையே பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹரிணி கணினியில் கட்டுரையைத் திறந்தாள். எதையோ தட்டினாள், நிறுத்தினாள், தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்க இனிஷியல் என்னண்ணா?"

"மூணு மாசம் என் கூடவே நடந்துகினு வந்தீங்களே," என்றார் ஆரோக்கியதாஸ், "இப்பதான் கேக்கத் தோணிச்சா?"